செனாவாங்கில் தேங்காய், பகாவில் அண்டா

மதுரையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, யாரோ எடுத்த படங்களை யாரோ எழுதிய வரிகளுக்குப் பக்கத்தில் வைப்பது என் பிழைப்பு. புத்தக வடிவமைப்பு என்று சொன்னால் சொந்தக்காரர்கள் “அச்சகமா?” என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஒரு கூட்டத்திலிருந்து ஒரே ஒரு ஆளைத் தனியே வெட்டி எடுப்பதற்குள் அவருடைய காதோரத்து நரை வரைக்கும் எனக்குப் பழகிவிடும். ஆனால் அந்த ஆளை நேரில் பார்த்திருக்கமாட்டேன். பார்த்தால் நன்றாக இருக்குமே என்று பலமுறை ஏங்கியதுண்டு.

அந்த ஏக்கத்தில்தான் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போக ஒப்புக்கொண்டேன்.

கூப்பிட்டது தேவகி. செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவளும் நண்பர்களும் விடுமுறை நாட்களில் அந்த மாநிலத்துத் தோட்டங்கள் வழியே சுற்றி ஏராளமாகப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் புத்தகமாக்க வேண்டும். ஆனால் இவர் எடுத்தது இது, அவர் எடுத்தது அது என்று ஆல்பம் மாதிரி வேண்டாம் என்றாள். கணினியில் வெட்டி ஒட்டிச் சேர்க்க வேண்டும். ஒருவர் எடுத்த சாலையில் இன்னொருவர் எடுத்த ஆள் நடக்க வேண்டும். எந்தப் பக்கமும் ஒருவருடையதாக இருக்கக் கூடாது.

படங்களை அனுப்பினால் போதுமே, நான் இங்கிருந்தே செய்துவிடுவேனே என்றேன்.

“இல்லக்கா. நீங்க வந்து இந்த வெயில ஒரு தடவ பாத்துடுங்க. மதுரை வெயில மனசுல வச்சுக்கிட்டு எங்க படத்த ஒட்டிடாதீங்க” என்றாள்.

அவள் சொன்னது எத்தனை சரி என்பது விமான நிலையத்து வாசலிலேயே தெரிந்தது. மதுரை வெயில் ஆளை அடிக்கும். இந்த வெயில் மேலே வந்து ஒட்டிக்கொள்கிறது. நிழல்களின் ஓரம்கூட இங்கே கூர்மையாக இல்லை, ஈரத்தில் கரைந்தது போல் இருக்கிறது.

கூட்டிப்போக வந்தவர் ஜெயசிங்கம். எழுபது தாண்டிய மனிதர், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். குழுவில் அதிகப் படம் எடுத்தவர் அவர்தான். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பகாவ் நகரத்துக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். “இருங்கோ பிள்ளை, முதல்ல கார் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்” என்று இரண்டு இடத்தில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். இரண்டாவது இடத்தில் புகை நிற்கவே இல்லை. பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் சாப்பிட்டோம். நம் ஊர் பரோட்டாவின் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தது அந்த ரொட்டி. முகஜாடை உண்டு, சுபாவம் வேறு. டீயை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு முழ நீளத்துக்கு ஆற்றிக் கொடுத்த பையனைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்தது. சர்க்கரைக்குப் பதில் டப்பாப் பால். குடித்து முடிக்கும்போது பல்லெல்லாம் இனித்தது.

தேவகியின் வீட்டில்தான் தங்கினேன். ஒரே மாதிரி வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் தாமான், அதாவது குடியிருப்பு. ஷிப்ட் மாறும் நேரத்தில் தெரு முழுக்க மோட்டோ சத்தம்; பைக்கை அப்படித்தான் சொல்கிறார்கள். தேவகிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் அவளும் மட்டும். அம்மா ராமாயி, தோட்டம் மூடுகிற வரைக்கும் பால்மரம் சீவியவர். நான் உள்ளே நுழைந்ததும் கேட்டது ஒரே கேள்வி.

“பசியாறிட்டியா?”

நாங்கள் சாப்பிட்டாயா என்போம். பசி ஆறிவிட்டதா என்று கேட்கிற ஊரில் கையில் தட்டு இல்லாமல் யாரும் நிற்க முடியாது. அந்த வார்த்தைக்காகவே அன்றைக்கு இரண்டாம் முறை சாப்பிட்டேன்.

மறுநாள் அவர்கள் முன்பு இருந்த தோட்டத்தைப் பார்க்கப் போனோம். ரப்பர் இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. எந்த இடத்தில் பார்த்தாலும் போன இடத்திலேயே நிற்பது போல இருந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடத்தைப் புல் மூடியிருந்தது. மாரியம்மன் கோயில் மட்டும் புதுப் பெயிண்டோடு நின்றது. ஜெயசிங்கம் ஒரு மேட்டைக் காட்டி அங்கேதான் கிராணி பங்களா என்றார். தேவகி வேறொரு பள்ளத்தைக் காட்டி அங்கேதான் எங்க லயம் என்றாள். இரண்டுக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். ஆனால் சின்ன வயதில் ஒருநாள்கூட அந்த மேட்டில் ஏறியதில்லை என்று தேவகி சொன்னாள். ஜெயசிங்கம் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் ராமாயி அம்மா அவரைச் சின்னையா என்றுதான் கூப்பிடுகிறார். அவர் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

திரும்பும்போது நான் தேவகியோடு பஸ்ஸில் வந்தேன். அவளுடைய படங்கள் எல்லாமே பஸ் ஜன்னலிலிருந்து எடுத்தவை. கடைகள், பாசார் என்கிற சந்தை, பஸ் நிறுத்தங்கள், மழைக்கு ஒதுங்கி நிற்கும் பெண்கள். லீவு கிடைக்கும்போதெல்லாம் பகாவ் பஸ்ஸில் ஏறி, பகாவில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாளாம். பாட்டுப் போடாத பஸ் எனக்கு விநோதமாக இருந்தது. நம்மூர் பஸ்ஸில் யாராவது சண்டையாவது போடுவார்கள். இங்கே எல்லோரும் அமைதியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். தேவகி மற்றவர்களைவிட அதிகமாகப் பார்த்தாள்.

அடுத்த நாள் வேலையில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். தேவகி காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். ராமாயி அம்மா டிவி பார்த்துக்கொண்டே அவ்வப்போது எனக்கு ஏதாவது கொண்டு வந்து வைத்தார்.

வெட்டி ஒட்டுகிற வேலையில் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். ஒரு படத்தில் வெயில் இடப்பக்கமிருந்து விழ, இன்னொன்றில் வலப்பக்கமிருந்து விழுந்தால், என்ன சாமர்த்தியமாக ஒட்டினாலும் பொய் என்று தெரிந்துவிடும். அதனால் படங்களை வெளிச்சத்தின் திசைப்படி பிரித்துக்கொண்டே வந்தேன். அப்படி வந்ததில் இரண்டு படங்கள் அடுத்தடுத்து நின்றன.

ஒன்று, ஜெயசிங்கம் ஒரு தீபாவளிக் காலையில் இதே வீட்டுப் பின்கட்டில் எடுத்தது. ராமாயி அம்மா துருவுமணையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். கண் தேங்காயில் இல்லை, படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறது. மற்றொன்று, அசிசா அனுப்பியது. அசிசா பகாவில் பள்ளி ஆசிரியை, குழுவில் ஒரே மலாய்ப் பெண். பக்கத்தில் உள்ள ஒரு குடியேற்றத் திட்டத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். அந்தக் கிராமத்தில் நடந்த ஒரு கல்யாண விருந்தின் சமையல் அது. தார்ப்பாய்க் கொட்டகை, விறகடுப்பு, ஆள் உட்காரக்கூடிய அண்டா. தலையில் தூடோங் கட்டிய ஒரு பெண், மற்றவர்களெல்லாம் வலக்கையால் வேலை செய்துகொண்டிருக்க, இடக்கையால் கரண்டியைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டிலும் வெயில் ஒரே பக்கம். இரண்டு பேரும் ஒரே மாதிரி கழுத்தைச் சாய்த்திருந்தார்கள். நான் வேறெதுவும் யோசிக்கவில்லை. தீபாவளிப் பின்கட்டுச் சுவரை எடுத்துவிட்டு அங்கே கொட்டகையை வைத்தேன். துருவிய தேங்காய் நேரே அந்த அண்டாவுக்குப் போவது போல அமைந்துவிட்டது. விறகுப் புகையைக் கொஞ்சம் இழுத்து அம்மாவின் தோள் மீது விட்டேன். அன்றைக்குச் செய்ததில் அதுதான் நல்ல பக்கம். எனக்கே என் மேல் ஒரு பிரியம் வந்தது.

தேவகி வந்ததும் பெருமையாகக் காட்டினேன். அவள் கையில் தாப்பாவ் கட்டி வாங்கிவந்த மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ் பொட்டலம் இருந்தது. அதைக் கீழே வைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து வந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில், “இத அம்மாகிட்ட காட்டினீங்களா?” என்றாள்.

இல்லை என்றேன்.

“அது எங்க அக்கா.”

எனக்குப் புரியவில்லை. கரண்டி பிடித்தவளை விரலால் தொட்டுக் காட்டினாள். “வசந்தா. இப்ப வேற பேரு.”

வாசலுக்குப் போய், நிறுத்தியிருந்த மோட்டோவின் மேல் சாய்ந்துகொண்டு சொன்னாள். வசந்தா தோட்டத்து ஆரம்பப் பள்ளியில் ஆயாவாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு பகாவில் ஒரு துணிக்கடைக்குப் போனாள். அங்கே கமாருடின் என்பவரோடு பழக்கமாகி, மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா அவள் பேரை வீட்டில் சொல்லக் கூடாது என்றார். அவர் உயிரோடு இருந்தவரை யாரும் சொல்லவில்லை. அவர் போன பிறகும் யாரும் சொல்லவில்லை. அவர் போட்ட பூட்டை அவரோடு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அது கதவிலேயே தங்கிவிட்டது. வசந்தா இருப்பது பஸ்ஸில் போனால் ஒரு பகல்கூட ஆகாத தூரத்தில்.

“அதான் நீ பஸ்ஸில போறியா?” என்றேன்.

“என்னிக்காச்சும் பாசார்ல நிப்பாங்கன்னு. ஒரு நாளும் காணோம். அசிசா படத்துல இருந்திருக்காங்க. அதுல இருந்தது எனக்குத் தெரியவே இல்ல. நூறு பேரு இருக்கிற படம்” என்றாள். “நீங்க எப்டிக்கா இவங்கள மட்டும் வெட்டி எடுத்தீங்க?”

வெளிச்சம் பார்த்து எடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இடக்கைக்காரி என்பதால் கண்ணில் பட்டாள் என்றேன். அதுவும் உண்மைதான்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அப்படியானால் படத்தில் இருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும். குழுவில் எல்லோரும் சேர்ந்து வைத்த வழக்கம் அது. யாராவது போய்க் கேட்க வேண்டும். தேவகி மோட்டோவின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது முன்னமே சரியாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவளுக்கு லீவு கிடைத்தது. பகாவ் பஸ் நிலையத்தில் அசிசா வந்து நின்றாள். அவளிடம் தேவகி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அசிசா என்னிடம் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள்: “சின்ன வயதிலிருந்து மாக் சிக் நூரை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கல்யாணமெல்லாம் அவர் சமையல்தான். அவர் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை.” மாக் சிக் என்றால் அத்தை, சித்தி மாதிரி; நூர் என்பது வசந்தாவின் இப்போதைய பேர்.

அசிசாவின் காரில் போனோம். வழியில் ஒரு மாட்டுக் கூட்டம் சாலையை விட்டு நகர மறுத்தது. அசிசா ஹார்ன் அடித்தாள், இறங்கிக் கை தட்டினாள். தேவகி, “மெதுவா போகட்டும், அவசரம் இல்ல” என்றாள். மாடுகள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் நல்லது என்று அவள் நினைத்ததாக எனக்குப் பட்டது.

மரப்பலகை வீடு. முன்னால் ரம்புத்தான் மரம். படியில் நின்றவள் படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். நான் வெட்டியெடுத்த ஓரங்களையெல்லாம் அறிவேன். முகவாய், தூடோங்கின் மடிப்பு, இடது மணிக்கட்டு. ஆனால் ஒரு ஆள் மூச்சு விடும்போது இத்தனை பெரிதாக மாறுவாள் என்று எனக்குத் தெரியாது.

“மாசுக், மாசுக்” என்று எங்களை உள்ளே அழைத்தாள். தேவகி நாற்காலியைத் தேடுவதைப் பார்த்து, “உக்காரு” என்றாள். சொன்னதும் அவளே திடுக்கிட்டாள். அந்த வார்த்தையை அவள் கடைசியாக யாரிடம் சொன்னாளோ.

பேச்சு தொடங்குவதற்கு முன் சாப்பாடு வந்துவிட்டது. மஞ்சளும் தேங்காய்ப்பாலும் ஊசி மிளகாயும் சேர்த்த மீன் குழம்பு, இந்த மாநிலத்துக்காரர்கள் உயிரை விடுகிற குழம்பு. மதுரைக்காரி எனக்குக் காரம் ஒரு பொருட்டில்லை என்ற தைரியத்தில் முதல் கவளத்தை வைத்தேன். கண், மூக்கு, காது மூன்றும் ஒன்றாகத் திறந்தன. நிமிர்ந்து பார்த்தால் எதிரே தேவகியும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவள் அக்காவும் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. மூன்று பேரும் மிளகாயைக் குறை சொன்னோம்.

பிறகு மடிக்கணினியைத் திறந்தேன். அவள் தன்னைப் பார்க்கவில்லை. கண் நேரே படத்திலிருந்த அம்மாவிடம் போனது. படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். இன்னும் பெரிதாக்கச் சொன்னாள்.

“முடி இவ்ளோ வெளுத்துருச்சா” என்றாள். தமிழ் வார்த்தைகள் ஒன்றொன்றாகத்தான் வந்தன, இருட்டில் படி தேடுகிற கால் மாதிரி.

இது ஒட்டியது, உண்மையில் நடந்தது இல்லை என்று விளக்கினேன். தெரியும் என்பதுபோலத் தலையாட்டினாள். புத்தகத்தில் போடலாமா என்று தேவகி கேட்டபோது ரொம்ப யோசித்தாள். அவள் கணவர் கமாருடின் வாசலில் நின்றபடி, போடட்டுமே என்று மலாயில் சொன்னார். அவள் தேவகியிடம்தான் பதில் சொன்னாள்.

“அம்மா பாக்கட்டும். அவங்க சரின்னா போடு. அவங்க வேணாம்னா என்னை எடுத்துரு. வருத்தம் இல்ல.”

வருத்தம் இல்ல என்பதை மட்டும் தடுமாறாமல் சொன்னாள். ரொம்ப நாளாகச் சொல்லிப் பழகிய வார்த்தை போல.

திரும்பும் பஸ்ஸில் தேவகி ஒரு படமும் எடுக்கவில்லை. மடியில் ஒரு பை ரம்புத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை அம்மா முன்னால் வைத்தாள். பகாவில் வாங்கினியா என்று அம்மா கேட்டார். கொடுத்தாங்க என்றாள். யார் என்று அம்மா கேட்கவில்லை.

காட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. அடுத்த நாள் மதியம், டிவியில் விளம்பரம் வந்த நேரம் பார்த்து, அம்மா உங்க படம் ஒண்ணு வந்திருக்கு, பாக்கிறீங்களா என்று மடிக்கணினியை முன்னால் வைத்தேன். தேவகி அடுப்படி வாசலில் நின்றாள்.

ராமாயி அம்மா முதலில் தன்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றி, சேலையில் துடைத்து, மறுபடி மாட்டினார். விளம்பரம் முடிந்து நாடகம் தொடங்கிவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“இது எந்த வீடு?” என்றார்.

“ஒரே வீடு இல்லம்மா. ரெண்டு படத்த நான் ஒட்டினது.”

“ஒட்டினதா” என்றார். “ஒட்டினா திரும்பப் பிரிக்கலாமா?”

“ஒரு நொடியில பிரிச்சுடலாம்மா. நீங்க சொன்னா.”

“பிரிக்க வேணாம்” என்றார்.

நான் தேவகியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அம்மா இன்னும் திரையிலேயே இருந்தார். பிறகு கோபமாகச் சொன்னார், “இத்தன பெரிய அண்டா. இவ ஒருத்தியே கிண்டுறா. மத்த பொம்பளைங்கெல்லாம் எங்க போனாளுங்க?”

மற்ற பெண்களையெல்லாம் நான்தான் வெட்டி எடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அது அவருக்குத் திருப்தியாக இல்லை. சாயங்காலம்வரை, கூட ரெண்டு பேரையாவது வைத்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரவு நான் அந்தப் பெண்களில் இருவரைத் திரும்பக் கொண்டுவந்து அண்டாவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். பக்கம் முன்னைவிட நன்றாகவே இருந்தது.

வசந்தாவின் பெயரை அவர் சொல்லவில்லை. பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் தேவகி வேலைக்குக் கிளம்பும்போது, யாரிடமோ சொல்வது போல, “கடல் பாத்து ரொம்ப நாளாச்சு லா” என்றார்.

தேவகி ஒரு செருப்பைப் போட்டபடியே நின்றுவிட்டாள். பிறகு ஜெயசிங்கத்துக்குப் போன் செய்தாள். அதன் பிறகு அசிசாவுக்கு.

தேவகியின் அடுத்த லீவில் சி ரூசாவுக்குப் போனோம், போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அது அம்மாவின் ஊரும் இல்லை, மகளின் ஊரும் இல்லை. இன்னார் வந்தார், இன்னாரோடு பேசினார் என்று பார்த்துச் சொல்ல அங்கே யாருக்கும் அவர்களைத் தெரியாது. ஜெயசிங்கம் காரைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். பின்கதவைத் தேடிப்போன ராமாயி அம்மாவுக்கு முன்கதவைத் திறந்து பிடித்தார். “என்ன சின்னையா இது” என்றவர், தேவகி கண்ணைக் காட்டியதும் ஏறி உட்கார்ந்தார். வழியில் ரேடியேட்டர் பழையபடி புகைந்தது. சாலையோரம் நின்றபோது அம்மாதான் முதலில் பொறுமை இழந்தார். தாமதமாகிவிடும் என்று இரண்டு முறை சொன்னார். எதற்குத் தாமதம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கடல் அமைதியாக இருந்தது. ராமேஸ்வரத்துக் கடல் மாதிரிச் சோம்பல். வாரநாள் ஆனதால் கூட்டம் இல்லை. மரத்தடியில் ஒரு கடை, பிளாஸ்டிக் நாற்காலிகள், எண்ணெயில் பொரிகிற கெரோப்போக், மீன் அப்பள வாசம். வசந்தாவும் கமாருடினும் அசிசாவோடு முன்பே வந்துவிட்டிருந்தார்கள். எங்கள் காரைக் கண்டதும் வசந்தா எழுந்து நின்றாள். கமாருடின் வணக்கம் சொல்லிவிட்டு, புகைகிற காரைப் பார்த்ததும் நிம்மதியடைந்தவர் போல ஜெயசிங்கத்தோடு போய் மூடியைத் திறந்து குனிந்துகொண்டார். அசிசாவும் நானும் அடுத்த மேசையில் உட்கார்ந்தோம்.

அம்மா நடந்து போய் நாற்காலியில் அமர்ந்தார். வசந்தாவும் அமர்ந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள்.

முதலில் பேசியது அம்மா. “சூடா மாக்கான்?”

தோட்டத்துப் பழைய மலாய். சாப்பிட்டாயா என்று அர்த்தம். மகளுக்கு இப்போது அந்த மொழிதான் வசதி என்று எண்ணியிருக்க வேண்டும்.

“சாப்பிட்டேம்மா” என்றாள் மகள், தமிழில்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் அப்படியே நடந்தது. அம்மா தனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் கேட்டார். பிள்ளைகள் எத்தனை பேர், என்ன படிக்கிறார்கள், காலில் என்ன வீக்கம். மகள் மறந்துபோன தமிழைத் தேடித் தேடிப் பதில் சொன்னாள். வார்த்தை கிடைக்காதபோது தேவகி எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் மற்றவருடைய வீட்டு வாசலில் போய் நின்று கொண்டிருந்தார்கள்; நடுவில் தேவகி மட்டும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று அம்மா தமிழுக்குத் திரும்பினார். “அப்பா காரியத்தன்னிக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன.”

தேவகி நிமிர்ந்தாள். அவளுக்கே அது தெரியாது என்று முகத்தில் தெரிந்தது.

“பாத்தீங்களா?” என்றாள் வசந்தா.

“பாத்தேன்.”

“கூப்பிடலியே.”

அம்மா மேசையில் இருந்த பொரித்த வாழைப்பழத் தட்டை எடுத்து மகள் பக்கம் தள்ளினார். அது நகர்ந்து போய் அவள் கையில் இடித்து நின்றது. வசந்தா ஒரு துண்டை எடுத்து, இடக்கையாலேயே, வாயில் வைத்தாள். “சோத்தாங்கையில சாப்பிடு” என்று அம்மா அதட்டினார். வசந்தா கையை மாற்றினாள். அப்போதுதான் அவள் அழுதாள். மென்றுகொண்டே அழுதாள். அம்மா தட்டை மேலும் கொஞ்சம் தள்ளினார்.

அசிசா எழுந்து போய்க் கடலில் கால் நனைத்தாள். நானும் போனேன். நான் இத்தனை வருடமாக வெட்டி ஒட்டியதில் எத்தனை பேர் இப்படி ஒரு பக்கத்துக்கு ஏங்கியிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கிடைப்பது ஓரங்கள் மட்டும்தான். உள்ளே இருப்பது என் கைக்கு வராது.

வெயில் சாய்ந்து கிளம்பும் நேரம் வந்தது. கார் சரியாகிவிட்டதாக இரண்டு ஆண்களும் கறுத்த கைகளோடு அறிவித்தார்கள். வசந்தா பையிலிருந்து போனை எடுத்து, தயங்கி, “அம்மா, ஒரு படம் எடுத்துக்கலாமா? புத்தகத்துக்கு இல்ல. எனக்கு” என்றாள்.

ராமாயி அம்மா உடனே சேலைத் தலைப்பை இழுத்துத் தலைமுடியை ஒதுக்கினார். எடுக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தேவகி போனை வாங்கக் கையை நீட்டிவிட்டாள்.

“இன்னிக்கு வேணாம்” என்றார். “பழைய சீல. முடியெல்லாம் காத்துல பறக்குது. அடுத்த தடவ எடுத்துக்கலாம்.”

தேவகியின் கை அப்படியே நின்றது. எனக்கும் ஏமாற்றமாக இருந்தது. ஒரே ஒரு படம், அதில் வெட்டவும் ஒட்டவும் எதுவும் இருந்திருக்காது. அக்காவிடம் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தேவகி திரும்பினாள். ஆனால் வசந்தா போனைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல், ஜிப்பை நிதானமாக இழுத்து மூடினாள்.

அம்மா முன் சீட்டில் ஏறினார். வசந்தா கதவைச் சாத்திவிட்டு, தன் கணவர் நின்ற இடத்துக்கு நடந்தாள். பாதி வழியிலேயே அவரிடம் மலாயில் ஏதோ சொன்னாள். அவர் கேட்டது போலத் தெரியவில்லை, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள். குரல் உடைந்து சிரிப்பாக வந்தது.

வசந்தா என்ன சொல்கிறாள் என்று அசிசாவைக் கேட்டேன்.

“அடுத்த தடவை என்று அம்மா சொன்னாராம்” என்றாள் அசிசா ஆங்கிலத்தில். “அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.”